பந்தலுக்கு வந்த கைகள்

அக்கா மகளுக்கு நாள் குறித்த மறுநாள், "மாமன் சீர் என்ன வேணும், சொல்லு" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். பதில் பெரும்பாலும் பெண்ணிடமிருந்து வராது. அவள் அம்மாவிடமிருந்து வரும், பவுன் கணக்கில் வரும். இந்த முறை பெண்ணே வாய் திறந்தாள்.

"பவுன் வேண்டாம் மாமா. வாசல் தோரணத்த நீங்க உங்க கையால கட்டிக் குடுங்க. கடையில வாங்கக் கூடாது. ஆள் வெச்சும் கட்டக் கூடாது."

எனக்குத் தோரணம் கட்டத் தெரியாது. பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் நான். கீற்று முடைவேன், தேங்காய் உரிப்பேன், ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டுவேன். குருத்தோலைத் தோரணத்தை மட்டும் எப்போதும் வேறு யாரோ கட்டியிருப்பார்கள். அது வாசலில் தொங்கும், நான் அதன் கீழே குனிந்து உள்ளே போவேன். 52 வயது வரை அப்படித்தான் போயிருக்கிறேன். அவள் கேட்ட அன்றுதான், எங்கள் வீட்டு நல்ல காரியங்களில் என் கை எங்கேயும் பட்டதில்லை என்பது உறைத்தது. பணம் கொடுத்திருக்கிறேன், வண்டி பிடித்திருக்கிறேன், மொய் எழுதியிருக்கிறேன். கையால் எதுவும் செய்ததில்லை.

அவள் கல்யாணத்தை மண்டபத்தில் வைக்கவில்லை. வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு நடத்தலாம் என்றாள். கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் ஆள். சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. தாம்பூலப் பை தைப்பது சின்ன அத்தை. பந்தல் கால்களுக்கு வாழை கட்டுவது சித்தப்பா பையன்கள். மாக்கோலம் போடுவதும் பையன்கள்தான். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். பொம்பளைகள் செய்கிற வேலையைப் பையன்களுக்கு எழுதியிருக்கிறாயே என்று அக்கா கேட்டதற்கு, "கையால செய்யற கல்யாணம்னு சொல்லிட்டு அத்தனையும் உங்க தலையிலயே கட்டினா அது என்னம்மா கல்யாணம்?" என்றாள். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. தன் கல்யாணத்துக்கு முந்தின இரவு அவள் தூங்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவோடு உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள், கல்யாணப் பெண்.

மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம் பக்கம். சம்பந்தியம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. மேடையும் வெல்வெட் நாற்காலியும் பின்னால் பூச்சுவரும் இல்லாமல் எப்படி என்று தயங்கினார். ஒரு மேடை அலங்காரக்காரரையும் பார்த்துப் பேசி வைத்திருந்தார். அவர் காட்டிய படங்களை நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. அவர் வேலையும் கைவேலைதான், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் படத்தில் இருந்த பத்து மேடைகளில் எது யாருடைய கல்யாணம் என்று சொல்ல வழியில்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் போதும். அந்தப் பூக்களைக் குத்தி நிறுத்தியிருப்பது பச்சை நிறச் செங்கல் போன்ற ஒரு ஃபோம். தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பூவை ஒரு நாள் வாடாமல் வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அது பிளாஸ்டிக் இனம், மக்காது. மறுநாள் காலை பூவோடு சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போய்விடும், பூ மட்டும் மண்ணாகும்.

தோரணம் கட்டத் தெரிந்தவர் எங்கள் வகையறாவில் ஒருவர்தான் மிச்சம், முறைக்குப் பெரியப்பா. அவருக்கு 81 வயது. கண் கொஞ்சம் மங்கல், விரல் இன்னும் திடம். போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "குருத்து யார் தோப்புல வெட்டப் போற?" என்பதுதான். கட்டுவது அப்புறம், முதலில் வெட்டுவதைச் சொல்கிறேன் என்றார்.

தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு முளைதான். மாமரம் மாதிரி கிளை வெட்டினால் வேறு பக்கம் துளிர்க்கும் என்பதெல்லாம் இல்லை. அந்த ஒற்றை முளையிலிருந்துதான் ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று என்று மட்டை வருகிறது, வருடத்துக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. குருத்து என்பது இன்னும் விரியாத மட்டை. வெயில் படாததால் அதில் பச்சை ஏறியிருக்காது. வெண்ணெயில் மஞ்சள் கலந்த நிறம். அதை வெட்டும்போது அரிவாள் ஒரு சாண் கூடுதலாக இறங்கினால் மரம் போய்விடும். சரியாக வெட்டினாலும் மரத்துக்கு ஒரு மாத உழைப்பு நஷ்டம். "ஒரு தோரணம்னா ஒரு மரத்தோட ஒரு மாசம்ப்பா" என்றார் பெரியப்பா. வண்டு குடைந்த குருத்து ஆகாது. காண்டாமிருக வண்டு உள்ளே புகுந்து தின்றிருந்தால், விரிக்கும்போது இலையெல்லாம் விசிறி வெட்டு வெட்டியதுபோல் இருக்கும். ஏறுகிறவன் மேலேயே பார்த்துவிட வேண்டும்.

குருத்து கேட்டுப் போவது எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் ஒரு பேச்சே இல்லை. கல்யாணம் என்றால் யார் தோப்பிலும் வெட்டிக்கொள்ளலாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை அதையும் மாற்றிவிட்டது. கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று எங்கள் தோப்புகளின் மேலேதான் நடந்து போனது. விடிந்தபோது தாத்தா வைத்த மரங்கள் வரிசையாக ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. சில மரங்கள் நடுவில் திருகி முறிந்திருந்தன. அதற்குப் பிறகு வைத்த கன்றுகளில் நெட்டை ரகம் இப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருக்கிறது. நெட்டை காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். முதல் பாளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் போய், எங்கள் வீட்டில் கல்யாணம், குருத்து வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்க முடியுமா?

அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவரின் தோப்பில் புயலுக்குத் தப்பிய மரம் ஏழு இருந்தது. அவர்களுக்கும் அக்கா வீட்டுக்கும் வாய்க்கால் தகராறில் பேச்சு நின்று நாலு வருடமாகிறது. கல்யாணப் பெண், என் மருமகள், தானே போய்க் கேட்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவரே ஆள் விட்டு வெட்டி, இரண்டு குருத்தை ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். அக்கா உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "வெயில்ல வெக்காதீங்க, கருத்துரும்" என்றார். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

கடையில் வாங்கிய தோரணத்துக்கு இது நடக்காது. கைவேலை அழகு, மலிவு, மண்ணுக்குக் கேடில்லை என்று நிறையச் சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கையால் செய்ய வேண்டுமென்றால் ஒருவரிடம் போய் நின்று கேட்க வேண்டியிருக்கிறது என்பது. பொருள் கேட்க வேண்டும், வித்தை கேட்க வேண்டும், நேரம் கேட்க வேண்டும். பணம் இருந்தால் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்க வேண்டாதபோது, சொந்தக்காரன் எதற்கு இரண்டு நாள் முன்னால் வருவான்? முகூர்த்தத்துக்கு வருவான், மொய் எழுதுவான், சாப்பிடுவான், போய்விடுவான். அவனுக்கு நாம் வேறு எதுவும் வைக்கவில்லையே.

கட்டுவதற்கு வருகிறேன். ஒரு தென்னை மட்டையில் 200க்கு மேல் இலை இருக்கும். குருத்தை விரித்து, நடுநரம்போடு ஒட்டிய இடத்தில் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். ஈர்க்கை உரிக்கும்போது இலை இரண்டாகக் கிழிந்துவிடக் கூடாது. பெரியப்பா ஓலையைக் கயிற்றில் மடித்துப் போட்டு, ஒரு வாலை இன்னொன்றுக்குள் செருகி இழுத்தார். ஒரு முடிச்சு விழுந்தது, அதில் ஒரு மூக்கும் ஒரு வாலும் தெரிந்தன. குருவி என்றார். "நல்லதுக்குக் கட்டுறப்போ குருவி நாலு, தல மேல பாக்கணும். அத மட்டும் மறக்காத." நான் இழுத்தால் மூக்கு பிய்ந்தது. ஓலை பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும்போது ஒரு விசை, காற்றில் கொஞ்சம் காய்ந்த பிறகு ஒரு விசை. அதை அவர் வாயால் சொல்லவில்லை. என் விரலின் மேல் தன் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். சொரசொரப்பான, சூடான விரல். அப்பா போன பிறகு ஒரு பெரியவரின் கை என் கையை அப்படிப் பிடித்ததில்லை.

பகல் முழுவதும் உட்கார்ந்தும் சாயங்காலத்துக்குள் பதினோரு முழம்தான் முடிந்தது. வாசலுக்கு அது போதும், பந்தலைச் சுற்றிக் கட்டப் போதாது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த மச்சான் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியப்பாவைச் சுற்றி ஏழு பேர் ஈர்க்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பேச்சுக் கொடுத்ததில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று தெரிந்தது.

அந்தப் பக்கம் பையன்கள் மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சரிசியை ஊறவைத்து வழவழவென்று அரைத்துக் கரைத்த மாவு. சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மோதிர விரல் வழியாகச் சொட்டவிட்டு இழுக்க வேண்டும். போடும்போது கோடு சரியாகத் தெரியாது, தரையோடு தரையாக ஈரமாகத்தான் இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பி வரும். கோணல் இருந்தால் அப்போதுதான் தெரியும், அப்போது அழிக்க முடியாது. ஐ.டி.ஐ. படிக்கிற சித்தப்பா பேரன் படிக்கோலத்தில் ஒரு மூலையைக் கோணலாக்கிவிட்டான். அழவில்லை, ஆனால் முகம் அப்படியாகிவிட்டது. சின்ன அத்தை வந்து பார்த்து, அந்த மூலையில் ஒரு கொடியை வளைத்து விட்டாள். இப்போது நாலு மூலையில் மூன்றில் பூவும் ஒன்றில் கொடியுமாக இருந்தது. மறுநாள் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கொடியைத்தான் பார்த்தார்கள். கோலத்தைச் சுற்றிச் செம்மண் கரை கட்டும்போது மணி இரண்டு.

சின்ன அத்தையின் தாம்பூலப் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மா போய் ஆறு வருடமாகிறது. அவள் பீரோவில் மடித்தபடி இருந்த 11 சுங்குடிச் சேலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தோம். யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை, கட்டவும் மனமில்லை. மருமகள் அவற்றைக் கேட்டு வாங்கி அத்தையிடம் கொடுத்தாள். 300 பைகளுக்கு மேல் வந்தது. முகூர்த்தம் முடிந்து தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுத்தபோது வயதான பெண்கள் பைக்குள் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்கள். "இது பால்குடத்துக்குக் கட்டுனதுல்ல", "இது ஒன்ன ஆஸ்பத்திரியிலேர்ந்து தூக்கிட்டு வந்தப்ப கட்டியிருந்தது" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கே தெரியாத என் அம்மாவின் நாட்கள் அவர்களிடம் இருந்தன. ஒரு கிழவி தன் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

இதையெல்லாம் எழுதும்போது பழைய கல்யாணங்களைப் புகழ்ந்து பேசும் ஆசை வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் எல்லாம் கையால்தான் நடந்தது என்று. நடந்தது, ஆனால் யாருடைய கை?

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பாவின் கல்யாணம். பந்தலின் உட்கூரையில் கீற்று தெரியாதபடி வெளுத்த வேட்டிகளையும் சேலைகளையும் சுருக்கு வைத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளை கட்டுவது என்று பெயர். அண்ணாந்து பார்த்தால் வெயில் பால்போல் இறங்கும். அவ்வளவு அழகான கூரையை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. அதைக் கட்டியவர் எங்கள் ஊர் வண்ணார், அப்பா வயதுக்காரர். அது அவர் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை இல்லை. இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வந்து கட்ட வேண்டும் என்று பரம்பரையாகச் சுமத்தப்பட்ட வேலை. கூலி என்று பேரம் கிடையாது. நெல்லும் ஒரு வேட்டியும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு கொல்லைப்பக்கம் சோறும். ஒன்பது வயதுப் பையனான நான் அவரை ஒருமையில் கூப்பிட்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அவர் "சொல்லுங்க சின்னய்யா" என்றார். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

கட்டாயத்தால் வருகிற கைவேலையைக் கொடை என்று சொல்ல எனக்கு நா வராது. நாதஸ்வரக்காரர், தவில்காரர், முடிதிருத்துபவர், குயவர், வண்ணார் என்று எத்தனையோ பேரின் கையால் நம் கல்யாணங்கள் அழகாக இருந்திருக்கின்றன. பத்திரிகையில் அவர்கள் பெயர் இருந்ததில்லை, பந்தியில் அவர்களுக்கு இலை இருந்ததில்லை. பந்தல் தொழிலும் சமையல் தொழிலும் கான்ட்ராக்டாக மாறி, கூலி பேசி வாங்கும் நிலை வந்ததை நான் நல்லது என்றே சொல்வேன். பழையது போனதே என்று வருந்துகிறவர்கள் அந்தக் கொல்லைப்பக்கத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மருமகள் அதையும் யோசித்திருந்தாள். கீற்றுப் பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், வாசித்தவர்கள், இலை எடுத்தவர்கள் எல்லோர் பெயரையும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் அச்சடித்திருந்தாள், திரு, திருமதி போட்டு. கூலி முன்பே கொடுத்தாயிற்று. முதல் பந்தியில் அவர்களுக்கு இடம். வகையறாவில் இரண்டு பெரியவர்கள் இதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமலே போனார்கள். போகட்டும் என்றாள் அக்கா. அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சொந்தக் கையால், தன் விருப்பப்படி கல்யாணம் என்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. அப்பா அம்மாவின் கல்யாணம் 1969இல், சுயமரியாதைத் திருமணம். பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது 1928இல். அன்றிலிருந்து நாற்பது வருடம் இப்படிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், சட்டத்தின் கண்ணில் நாம் கணவன் மனைவிதானா என்ற கேள்வியோடேயே குடும்பம் நடத்தினார்கள். 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் உன்னை ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தாலி கட்டினால் போதும். ஒரு கல்யாணத்துக்குச் சட்டம் கேட்பது ஒரு வாக்கியம் அல்லது ஒரு முழம் பூ. மற்றதெல்லாம் நம் ஆசை. ஆசை என்பதால்தான் அதை நம் கையால் செய்ய வேண்டும் என்கிறேன்.

அப்பாவின் கல்யாணத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை ஒன்றாகப் போட்டு மேடை. சிவப்பும் கறுப்புமாகக் காகிதத்தை வெட்டி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, வளையத்துக்குள் வளையமாகக் கோத்த சங்கிலித் தோரணம். அப்பாவின் சிநேகிதர்கள் மூன்று பேர் வாழ்த்துப்பா எழுதி, அச்சகத்தில் கொடுத்து ரோஜா நிறத் தாளில் அடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கண்ணாடி போட்டு இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கழற்றித் தொட்டுப் பார்த்தால் ஈய எழுத்து அழுத்திய மேடு தாளின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். யாப்பு இரண்டு இடத்தில் தட்டுகிறது. மூன்றாவது அடியில் அம்மாவின் பெயரை மோனைக்காகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது வாழ்த்துமடல் போடும் வழக்கமே போய்விட்டது. பிளக்ஸ் பலகையில் முகங்கள்தான். தனக்காக ஒரு சிநேகிதன் ராத்திரி உட்கார்ந்து எதுகை தேடினான் என்ற நினைப்பை எந்தப் பிளக்ஸும் கொடுக்காது.

இன்னும் பின்னால் போனால் அகநானூறு இருக்கிறது. 86ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது. அதில் ஒரு கல்யாணம் முழுவதும் கண்முன் நடக்கிறது. வரிசையாகக் கால் நட்ட பெரிய பந்தல், தரையில் கொண்டுவந்து பரப்பிய மணல், விளக்கு, தொங்கவிட்ட மாலை, உளுந்து சேர்த்துச் சமைத்த குழைவான உணவு. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தாலி அந்தப் பாட்டில் இல்லை, தீ வலம் வருவதும் இல்லை. மணல் இருக்கிறது. நான் அந்த மணலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். யாரோ ஆற்றங்கரைக்கோ வாய்க்கால் கரைக்கோ போய்க் கூடையில் அள்ளிச் சுமந்து வந்து கொட்டிப் பரப்பிய மணல். இத்தனை நூற்றாண்டு கழித்தும், பந்தல் போட்டவுடன் என் அக்கா முதலில் சொன்னது, "ரெண்டு வண்டி மணல் கொண்டாந்து கொட்டுங்கடா" என்பதுதான். அவள் அகநானூறு படித்தவள் இல்லை.

சம்பந்தியம்மாவின் தயக்கம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் அவரே போன் செய்து, "எங்க பங்குக்கு ஒண்ணு செய்யணும்லா, பத்தமடையில பாய் சொல்லியிருக்கேன்" என்றார். அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்குப் பத்தமடை பக்கம். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையைப் பச்சையாகவே கிழித்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, சாயம் ஏற்றி நெய்கிற பாய். பட்டுப்போல் மடியும். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெண் பெயரையும் தேதியையும் எழுத்தாகவே நெய்து கொடுப்பார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். யாரென்றே தெரியாத ஒரு இந்துப் பெண்ணின் பெயரை ஒரு முஸ்லிம் பெண் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோரையாக எண்ணி எண்ணி எழுதுகிறாள். அந்தப் பெயரோடு அவள் இருந்த அளவு நேரம் அந்தக் கல்யாணத்துக்கு வந்த யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

அவர் சொல்லிவைத்தது தாமதம். பாய் முகூர்த்தத்துக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தது. நடந்து முடிந்த தேதி அதில் சிவப்புக் கோரையில் இருந்தது. சம்பந்தியம்மாவே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வந்தார். திருநெல்வேலியிலிருந்து பேராவூரணி வரை அதை மடியில் வைத்திருந்ததாகச் சொன்னார். பாயை விரித்து, "எழுத்துப்பிழை இருக்கான்னு பாருங்க" என்று என்னிடம் கேட்டார். இல்லை.

அன்றைக்குத் தோரணம் இன்னும் வாசலில்தான் இருந்தது. குருத்தோலை இரண்டு நாளில் நிறம் மாறிவிடும். மூன்று வாரத்தில் வைக்கோல் நிறமாகிச் சுருண்டிருந்தது. குருவிகள் மட்டும் முடிச்சு அவிழாமல் தலையை மேலே வைத்துக்கொண்டிருந்தன. நான் கட்டியதில் மூன்று மட்டும் கீழே பார்த்தன. பந்தலில் நட்ட கல்யாண முருங்கைக் கிளையைக் கொல்லையில் ஊன்றியிருந்தார்கள், துளிர்த்திருந்தது. நாலு வீடு தள்ளி இருப்பவர் அந்த வழியாகப் போகும்போது அக்காவிடம் வாய்க்கால் தண்ணீர் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போனார்.

தோரணம் கற்றுக்கொண்ட அன்று பெரியப்பாவிடம் ஒன்று கேட்டேன். நல்லதுக்கு இப்படி என்றால், சாவுக்குக் கட்டுகிற தோரணம் எப்படி? அவர் ஓலையைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாண வீட்டுல அதக் கட்டிக் காட்டக் கூடாதுப்பா. எல்லாம் முடியட்டும், வீட்டுக்கு வா, சொல்லித் தர்றேன். அதுக்கும் ஆள் வேணும்ல" என்றார்.

கல்யாணம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. பெரியப்பா திடமாக இருக்கிறார். நான் இன்னும் போகவில்லை.